ஏம் செய்யடு!

ஹைதராபாத்துக்கு வந்து நான் கற்ற முதல் தெலுங்கு வாக்கியம் 'ஏம் செய்யடு'. ஒன்றும் செய்யமாட்டான் என்று அர்த்தம். நாய்க்கு 'செய்யது' என்று அஃறிணையில்தான் முடிக்கவேண்டுமாம். நாய் வளர்க்கிற வீட்டுக்காரர்களிடம் அந்த இலக்கணம் செல்லாது. என் இடது முன்கையில் நான்கு தழும்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் முன்னால் யாரோ ஒருவர் இந்த உத்தரவாதத்தைக் கொடுத்திருக்கிறார். முதல் இரண்டும் தெலுங்கு. மூன்றாவது உருது: 'குச் நை கர்தா பாய்.' நான்காவது மாரேட்பள்ளியிலிருந்து வந்த தமிழ் மாமி: 'ஒண்ணும் பண்ணமாட்டான்டா கண்ணா, சும்மா மோந்து பார்ப்பான்.' தாய்மொழியில் கடிபட்டால் வலி கொஞ்சம் கூடத்தான்.

செகந்திராபாத் பக்கம் ஒரு பிராணி கிளினிக்கில் நான் உதவியாளன். வருகிறவர்களுக்குக் 'கம்பௌண்டர் அண்ணா'. தெலுங்கிலும் அண்ணா அண்ணாதான். அந்த மட்டில் சௌகரியம். கும்பகோணத்தில் அம்மா, 'பையன் ஹைதராபாத்துல டாக்டர்கிட்ட இருக்கான்' என்றுதான் சொல்ல ஆரம்பித்தாள். தெருமுனை தாண்டுவதற்குள் அந்தக் 'கிட்ட' எங்கோ விழுந்துவிட்டது. இப்போது சித்தப்பா மூட்டுவலிக்குப் போனில் மருந்து கேட்கிறார். கால்நடை மருத்துவம் ஐந்தரை வருஷப் படிப்பு. நான் பி.காம். படித்தவர் டாக்டர், பிடிக்கிறவன் நான்.

பிடிப்பதுதான் வேலையே. நாயின் கழுத்தை ஒரு கையால் அணைத்து, தலையை என் தோளோடு ஒட்டவைத்து, மறுகையால் முன்னங்காலை நீட்டி, முழங்கை மடிப்பில் கட்டைவிரலால் அழுத்தினால் நரம்பு புடைத்து எழும். டாக்டர் ஊசியை ஏற்றுவார். தூரத்திலிருந்து பார்த்தால் இருபது வருஷம் கழித்துச் சந்தித்த இரண்டு சிநேகிதர்கள் மாதிரி இருப்போம். பூனையிடம் இந்தப் பாசாங்கு நடக்காது. துண்டில் கொழுக்கட்டை மாதிரி மடித்து, வேண்டிய காலை மட்டும் வெளியே எடுக்கவேண்டும். நான் சேர்ந்த அன்று வரவேற்பிலிருந்த பெண் 'பில்லி ஒச்சிந்தி!' என்று குரல் கொடுத்தாள். பில்லி வந்திருக்கிறதாம். சூனியமும் கூட வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன். தெலுங்கில் பில்லி என்றால் பூனை. பத்து நிமிஷம் கழித்துக் கிழிந்த சட்டையோடு வெளியே வந்தபோது, தமிழ் அர்த்தமும் தப்பில்லை என்று பட்டது.

வாலுக்கடியில் தெர்மாமீட்டர் வைப்பதும் என் இலாகா. 101.8 என்று படித்துச் சொன்னால் 'ஐயோ, ஜுரம்!' என்று அலறுவார்கள். நாய்க்கு 101 முதல் 102.5 வரை சாதாரணம் என்றால், நமக்கு 98.4 என்று எனக்கே பாடம் நடக்கும். வீட்டிலேயே பாராசிட்டமால் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அப்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பூனைக்கு ஒரு மாத்திரையே எமனாகலாம். அதை முறிக்கும் வித்தை அதன் ஈரலுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை கூட்டத்துக்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. 'என்ன சாப்பிட்டது?' என்று டாக்டர் கேட்பார். ஊர் முழுக்க ஒரே பதில்: 'பெருகு அன்னம்.' தயிர் சாதம். ஒரு லாப்ரடாரைக் குடும்பமே சேர்ந்து தூக்கிவந்தது. தயிர் சாதம் தவிர வேறெதுவும் தொடாது என்று அந்த அம்மாள் சத்தியம் செய்தார். வீட்டுக்காரர் சுவரிலிருந்த உண்ணிக்காய்ச்சல் படத்தைக் கூர்ந்து படித்துக்கொண்டிருந்தார். பையன் விட்டத்தைப் பார்த்தான். லாப்ரடாருக்குச் சத்தியமெல்லாம் தெரியாது. மேஜை மேலேயே உண்மையைக் கக்கிவிட்டது. நீள நீளமாய் பாசுமதி, பொரித்த வெங்காயம், ஒரு எலும்புத்துண்டு. டாக்டர் இடுக்கியால் பிரிஞ்சி இலையை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்து, 'அம்மா, தயிர் சாதத்தில் இது போடுவீர்களா?' என்றார். நாய்க்கு வெங்காயம் ரத்தத்தின் சிவப்பணுக்களையே உடைக்கும் என்று அவர் விளக்கியதை யாரும் கேட்கவில்லை. அந்த அம்மாள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியிருந்தார். இந்தப் பக்கம் லாப்ரடார், வெளியே வந்ததையெல்லாம் மறுபடி உள்ளே அனுப்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பிடிப்பதும் நான்தான்.

மே மாதம் ஹஸ்கிகள் வரும். வெளியே 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். சைபீரியாக்காரனை இங்கே குடிவைத்து, இரட்டை அடுக்கு ரோமத்தோடு மாடியில் கட்டினால் என்ன ஆகும்? எங்கள் ஏ.சி.க்கு நேர்கீழே தரையோடு தரையாகப் படுத்து என்னைப் பார்க்கும். பிழைக்க வந்த ஊர் என்றால் அப்படித்தான் அப்பா என்பேன்.

சேர்ந்ததும் எனக்கு ரேபிஸ் தடுப்பூசி போட்டார்கள். மூன்றே மூன்று, அதுவும் தோளில். 'தொப்புளைச் சுத்தி 14 ஊசியா?' என்று அம்மா கேட்டாள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை நிறுத்தி இருபது வருஷமாயிற்று என்றேன். கொஞ்சம் ஏமாற்றம்தான் அவளுக்கு. 14 என்றால் ஊரில் சொல்ல நன்றாயிருந்திருக்கும். பத்மராவ் நகர் மாமா, ஸ்கந்தகிரி முருகனிடம் வேண்டிக்கொள்ளச் சொன்னார். முருகனுக்கு மயில், எனக்கு பைரவர்தான் சரி என்றேன்.

மெட்ரோவில் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். நாயின் ஆசனவாய்க்கு இரண்டு பக்கமும் சின்னப் பைகள் உண்டு, அடைத்துக்கொண்டால் பிதுக்கிவிடவேண்டும். மூன்று நாள் வைத்த மீன் நாற்றம். சோப்பு போட்டாலும் போகாது.

போன வாரம் ராட்வைலர் ஒன்று வந்தது. பெயர் ப்ரூனோ. கூட்டிவந்தவருக்கு, போலீஸ் வேலைக்கு எழுதிக்கொடுத்த மாதிரி மீசை. உண்ணிக்காய்ச்சலா என்று பார்க்க ரத்தம் எடுக்கவேண்டும். 'ஏம் செய்யடு' என்றார். நான் வாய்க்கட்டை இரண்டு முறை இறுக்கி, உயிரைப் பணயம் வைத்து அணைத்துக்கொண்டேன். ஊசி இறங்கியது. ப்ரூனோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குழாயில் ரத்தம் ஏறியது. மீசைக்காரர் சுவரோடு மெல்லச் சரிய ஆரம்பித்தார்.

'பட்டுகோ!' என்றார் டாக்டர். பிடிடா என்று உத்தரவு. யாரை? இரண்டு கையும் நாய் மேல். விட்டேன். விட்டு, மண்டை தரையில் படுவதற்குள் அவரைத் தாங்கினேன். தொண்ணூறு கிலோ இருப்பார். திரும்பிப் பார்த்தால் ப்ரூனோ மேஜை மேல், நீட்டிய காலை மடக்காமல் அப்படியே நிற்கிறான்.

முகத்தில் தண்ணீர் தெளித்ததும் அவர் கண் விழித்தார். 'ப்ரூனோ அழுதானா?' என்று கேட்டார்.

'இல்லை சார்' என்றேன். 'ஏம் செய்யலேது.'