பத்துக்கு மேல் தாங்காதவர்

திருவண்ணாமலைப் பக்கம் கீழ்பென்னாத்தூரில் உட்கார்ந்துகொண்டு பெங்களூர் கம்பெனிக்குக் கோடிங் எழுதுகிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தெருவே கண்ணயரும் நேரத்தில் ஏதாவது ஒரு மாடியிலிருந்து "நான் பேசறது கேக்குதா?" என்று குரல் வரும். கீழே வாசலில் மல்லாட்டை காயும், மேலே ஆள் காய்ந்துகொண்டிருப்பார். இந்த இனத்தில் ஓர் உட்பிரிவு உண்டு. சிக்கல் குறைப்பவர். நம் ஆள் அவர்தான்.

பார்க்கச் சாதுவாக இருப்பார். யாராவது எழுதிய புரோகிராமை அவரிடம் நீட்டினால், இது என்ன வேலை செய்கிறது என்று கேட்கமாட்டார். உதடு அசைய, உள்ளே எத்தனை 'இஃப்' இருக்கிறது என்று எண்ண ஆரம்பித்துவிடுவார். சாஸ்திரம் இல்லாமல் எண்ணவில்லை. தாமஸ் மெக்கேப் என்ற அமெரிக்கர் 1976-இல் ஒரு கட்டுரையில் எழுதி வைத்த கணக்கு அது. ஒரு ஃபங்ஷனுக்குள் பாதை பிரிகிற இடங்களை எண்ணு, ஒன்றைக் கூட்டு, வருவது சைக்ளோமேட்டிக் எண். பத்துக்குள் இருந்தால் படிக்கலாம், சோதிக்கலாம். பத்து என்பது ஏதோ நியாயமான எல்லை, மந்திர எண் ஒன்றுமில்லை என்று மெக்கேப்பே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தை நம்மவர் புரட்டியதாகத் தெரியவில்லை. பத்து அவருக்கு ராகுகாலம் மாதிரி. தாண்டினால் எதையும் தொடமாட்டார்.

சிரித்தீர்களோ, டொயோட்டாவை இழுப்பார். 2013-இல் ஓக்லஹோமாவில் அந்த நிறுவனத்தின் மீது நடந்த வழக்கில், காரின் மென்பொருளை அலசிப் பார்த்த மைக்கேல் பார் என்ற நிபுணர் சாட்சி சொன்னார். த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்று கணக்குப் போடும் ஃபங்ஷனின் எண் நூறைத் தாண்டியிருந்தது என்றார். "நூறுண்ணா! நூறு!" என்று சொல்லும்போது நம்மவர் குரல் தழுதழுக்கும். நாமும் சிரிப்பை அடக்கிக்கொள்வோம். அந்த இடத்தில் அவர் சொல்வது நியாயம்தான்.

ஆனால் வியாதி ஆபீஸோடு நிற்பதில்லை. பெங்களூர் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வருவதாக இருந்தான். வழி சொல்லும் பொறுப்பைப் பெரியப்பா எடுத்துக்கொண்டார்.

"திருவண்ணாமலைல எறங்கசொல்ல பௌர்ணமியா இருந்தா, பஸ்ஸ ஊருக்குள்ள வுடமாட்டான். வெளியவே தற்காலிக பஸ் ஸ்டாண்டுல எறக்கிடுவான். தீபமா இருந்தா அதுவும் எந்த எடம்னு சொல்ல முடியாது. மழை வந்தா ஆட்டோ புடிக்கச் சொல்லு. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆச்சுன்னா எனக்குப் போன் போடச் சொல்லு. நா எடுக்கலன்னா ஒனக்குப் போடட்டும்."

நம்மவர் விரல் மடக்கிக்கொண்டிருந்தார். அஞ்சு பிரிவு, ஒன்று கூட்டினால் ஆறு. பாஸ்.

"கார்ல வந்தா செஞ்சி ரோட்டுல நேரா வந்துடலாம். ஆனா காரு பெருசா இருந்தா நம்ப தெருவுல சுளுவா நொழையாது. நொழையசொல்ல எதுத்தாப்புல டிராக்டர் வந்தா பின்னால எடுக்கணும். டீசல் தீந்துட்டா…"

ஒன்பது, ஒன்று கூட்டினால் பத்து. நெற்றி வியர்த்துவிட்டது.

"குடும்பத்தோட வந்தா…"

"பெரியப்பா! போதும்!"

"இன்னாடா எண்ணிக்கினு கீற?"

இதற்குப் பிறகும் நம்மவர் விடவில்லை. மெக்கேப் கணக்கில் எல்லா 'இஃப்'புக்கும் ஒரே விலை. சோனார்சோர்ஸ் நிறுவனம் பின்னால் கொண்டுவந்த காக்னிடிவ் கணக்கில் அப்படியில்லை, உள்ளே போகப்போக விலை ஏறும். கார், காருக்குள் பெரிய கார், அதற்குள் டிராக்டர் என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. இந்த மூன்றுக்கு மட்டுமே ஆறு. படிக்கிறவன் மூன்று நிபந்தனைகளை ஒரே நேரத்தில் மண்டையில் சுமக்க வேண்டியிருப்பதற்கான அபராதம் அது. என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் உருப்படியான கணக்கு.

மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த பெரியம்மா தலை நிமிராமல் சொன்னார்: "தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் வரவேணாம்னு சொல்லு. மத்த நாள்ல செஞ்சி பஸ்ல ஏறி நம்ப ஊர்ல எறங்கிட்டு ஒனக்குப் போன் போடட்டும்."

எண் மூன்று! வேண்டாத நிலைமைகளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு, மிச்சத்தை நேர்கோட்டில் எழுதுவதற்கு இந்தத் தொழிலில் 'கார்டு கிளாஸ்' (guard clause) என்று பெயர். இதே பாடத்தை நம்மவர் தன் டீமுக்கு நடத்தியிருந்தால் ஒரு மணி நேரமும் நாற்பது ஸ்லைடும் ஆகியிருக்கும்.

அளப்பதில் புலி. குறைக்க இறங்கும்போதுதான் வில்லங்கம். முந்நூறு வரி ஃபங்ஷனைப் பார்த்தால் அரிவாள்மணையை எடுத்துவிடுவார். ஒன்று இருபதாகும். ஒவ்வொன்றின் எண்ணும் மூன்றோ நான்கோதான், சிக்கலை அளக்கும் கருவி பச்சை விளக்குக் காட்டும். ஆனால் பெயர்கள்? 'புராசஸ்', 'புராசஸ் டூ', 'புராசஸ் நியூ', 'ஹேண்டில் ஆல்'. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, "அண்ணா, கட்டணம் எங்க கணக்காகுது?" என்று கேட்டாள். "புராசஸ் டூ-ல ஆரம்பிச்சு, அங்கேருந்து ஹேண்டில் ஆல் போயி…" என்று கிளம்பியவர் சாப்பாட்டு நேரம்வரை திரும்பவில்லை. பழைய முந்நூறு வரி அசிங்கம்தான். ஆனால் எல்லாம் ஒரே இடத்திலாவது இருந்தது.

இன்னொரு விஷயமும் அவர் மண்டையில் ஏறாது. சில சிக்கல் எழுதியவனுடையது அல்ல, விஷயத்துடையது. நம் மின்கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2022 கட்டணத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது, பிறகு படிப்படியாக விலை ஏறியது. இந்தப் படிகளை 'இஃப்'புக்குள் 'இஃப்' என்று அடுக்காமல் ஓர் அட்டவணையில் போட்டுவிட்டால் புரோகிராம் பத்து வரியில் முடியும். நம்மவர் அதை அழகாகச் செய்தார், பாராட்டலாம். ஆனால் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படி ஒன்றின் விலையும் மாறும் என்று அதே கட்டணத்தில் ஒரு விதி இருந்தது. அட்டவணை இரண்டாயிற்று, எதைப் பார்ப்பது என்று கேட்க ஓர் 'இஃப்' திரும்பி வந்துவிட்டது. அன்று முழுக்க அவர் யாரோடும் பேசவில்லை. கட்டண ஆணையை ரீஃபாக்டர் செய்ய வழி இருக்கிறதா என்றுகூட விசாரித்தார்.

உங்கள் டீமில் இப்படி ஒருவர் இருந்தால் விரட்டிவிடாதீர்கள். டிராக்டருக்குள் டிராக்டர் விட்டு எழுதுகிறவர்களுக்கு அவரிடம்தான் பயம். ஃபங்ஷன்களுக்குப் பெயர் வைக்கும் வேலையை மட்டும் வேறு யாரிடமாவது கொடுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு மத்தியான வேளையில் நேரம் இருக்கிறது.