ஆர்டர் இல்லாத சரக்கு

ஏஞ்சாமி, பொம்மைப் படம் போட்டுப் புஸ்தகம் வுடப் போறயாமா? உங்கம்மா வந்து பொலம்பிட்டுப் போறா. "அப்பா, அவனுக்கு நீங்களாவது நாலு வார்த்தை சொல்லுங்க"ன்னா. அப்புச்சி பேச்சுன்னா நாலு வார்த்தையோட நிக்காதுன்னு அவளுக்கும் தெரியும். உக்காரு சித்த.

நம்மூர்ல ஆர்டர் இல்லாம ஒரு மெஷினும் ஓடறதில்ல கண்ணு. பையர் சாம்பிள் கேப்பான், அப்ரூவல் குடுப்பான், பொறவுதான் நூலே வாங்குவாங்க. நிட்டிங்கு, சாயம், கட்டிங், பவர் டேபிள், செக்கிங், பேக்கிங்னு போயி, தூத்துக்குடியில கப்பலேறுற வரைக்கும் ஒருத்தன் பின்னாலயே நின்னு நச்சரிப்பான். நீ பண்ணப் போறது ஒருத்தனும் கேக்காத சரக்கு. சாம்பிள் கேட்டவன் இல்ல, அட்வான்ஸ் குடுத்தவன் இல்ல, தேதி சொன்னவன் இல்ல. இந்தத் திருப்பூர்ல இம்புட்டுத் துணிச்சலான மொதலாளி வேற ஆரு? என்ன, அந்த மொதலாளி மாசச் சம்பளத்துக்குப் பிரிண்டிங் பட்டறையில டிசைன் போட்டுட்டு இருக்கறான்.

பட்டறையில பகல் பூரா நீ யாரு மூஞ்சிக்குக் கலர் பிரிக்கற? மிக்கி மௌஸு, ஸ்பைடர்மேனு, சூப்பர்மேனு. உலகத்துல இருக்கற பொம்மையெல்லாம் நம்மூர் டேபிள்ல மல்லாந்து படுத்து மை பூசிக்கிட்டுத்தான் போவுது. லைசென்ஸோட பூசறது எத்தன, இல்லாமப் பூசறது எத்தனன்னு என்னையக் கேக்காத. நாம் பெரிய மனுசன், எனக்குக் கண்ணு மங்கல்.

அந்தச் சூப்பர்மேன் கதைய நீதான் அன்னிக்கு உன்ற சிநேகிதங்கிட்டச் சொல்லிட்டு இருந்த. நாங் கேக்காத மாதிரி கேட்டுக்கிட்டேன். அமெரிக்காவுல கிளீவ்லாந்துல ஜெரி சீகல், ஜோ ஷூஸ்டர்னு ரெண்டு பசங்க. 1933ல சைக்ளோஸ்டைல்ல சொந்தமா ஒரு பத்திரிகை அடிச்சானுக. அதுல ஒரு கதையில சூப்பர்மேன் வர்றான். ஆனா அவன் நல்லவனில்ல, மொட்டைத்தல வில்லன். யாரு சீந்துனாங்க? பொறவு மொட்டைக்கு முடி வெச்சு, வில்லன நல்லவனாக்கி, அஞ்சு வருசம் வாசவாசலா ஏறி எறங்கி, 1938ல ஒரு கம்பெனிக்காரங்கிட்டக் குடுத்தானுக. பதிமூணு பக்கம், 130 டாலர். பக்கத்துக்குப் பத்து டாலர். பாத்தயா, பீஸ் ரேட்டு! அந்தக் காசுக்கு அந்தப் பொம்மையோட மொத்த உரிமையும் போச்சு. கோர்ட்டு, கேஸுன்னு அலைஞ்சு, 1975ல வயசான காலத்துலதான் வருசத்துக்கு ஆளுக்கு 20,000 டாலர் பென்ஷனும், படைச்சது இவங்கன்னு பேரும் கெடச்சுது.

அதனால சொல்றேன். நாளைக்கு ஒருத்தன் வந்து, "தம்பி, உன்ற பொம்மை நல்லா இருக்குது, நம்ம பனியன்ல போட்டுக்கறேன், ஒரு தொகை வாங்கிக்க"ன்னு சொன்னா, வாயப் பொளக்காத. தொகைய நாளைக்குப் பேசலாம்னு சொல்லிட்டு, அவன் நீட்டுற காயிதத்துல மொத்தத்தையும் எழுதி வாங்கறானா, இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் கேக்கறானான்னு பாரு. படிச்சுப் புரியலைன்னா கையெழுத்துப் போடாத. பேனா மறந்துட்டேன்னு சொல்லு.

அதுக்காக எல்லாரும் ஏமாந்தாங்கன்னு இல்ல. 1984ல கெவின் ஈஸ்ட்மேன், பீட்டர் லெயர்டுன்னு ரெண்டு பேரு, கேலிக்கு வரைஞ்ச நாலு ஆமைய வெச்சு நிஞ்ஜா டர்டில்ஸ்னு சொந்தமா அடிச்சானுக. வரி பிடிச்சதுல திரும்பி வந்த காசு கொஞ்சம், ஈஸ்ட்மேனோட மாமன் குடுத்த கடன் கொஞ்சம். மூவாயிரத்துச் சில்லறை பிரதி, கறுப்பு வெள்ளை. அந்த ஆமை இன்னிக்கும் பனியன்ல ஊர்ந்துட்டு இருக்குது. இதக் கேட்டதும் உனக்கு மாமன் நெனப்பு வந்திருக்கும். உன்ற மாமன் ஆரு? என்ற மகன். பெத்தவன் நானே அவங்கிட்டக் காசு வாங்குனதில்ல. அந்தக் கணக்க இப்பவே அழிச்சுரு.

நம்ம பக்கமும் கிறுக்கனுக கொறஞ்சு போவல. மெட்ராஸ்ல சி.சு.செல்லப்பா, வத்தலக்குண்டுக்காரரு, 1959ல 'எழுத்து'ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு 1970 வரைக்கும் இழுத்தாரு. பொண்டாட்டி நகைய வித்து நடத்துனாரு, புஸ்தகத்தக் கட்டிச் சொமந்துட்டு ஊரூராப் போனாரு. உனக்கு அந்த வசதியும் இல்ல. இன்னும் கல்யாணமே ஆவல, நகைக்கு எங்க போவ? கோயமுத்தூர்ல 1971ல கவிஞருங்க சேந்து 'வானம்பாடி' வுட்டாங்க. 'விலையிலாக் கவிமடல்'னு போட்டே வுட்டாங்க. அது தெளிவு. வெலையே இல்லைன்னா ஏஜெண்டு பாக்கி வெக்க முடியாதில்ல? இங்க நம்மூர்லயே சாயத்தப் பத்தி 'சாயத்திரை' நாவல் எழுதுன சுப்ரபாரதிமணியன் இருக்காரு. 'கனவு'ன்னு ஒரு சிற்றிதழ், செகந்திராபாத்துல இருந்தப்ப ஆரம்பிச்சது, முப்பது வருசத்துக்கு மேல நடத்துனாரு. எப்பிடி முடிஞ்சுதுன்னு அவரப் போயிக் கேளு. எங்கிட்டக் கேட்டா வட்டிக் கணக்குதான் சொல்லத் தெரியும்.

சரி, சரக்குக்கு வா. உன்ற கதையப் படிச்சேன். ஒரு வீரன் நியூயார்க்குல மாடிக்கு மாடி தாவறான். நீ அவிநாசியத் தாண்டிப் போனதே கல்யாணத்துக்குத்தான். நம்மூர்ல ஒருத்தன் அப்பிடிப் பறந்தா ஈ.பி. வயர்ல மாட்டி, லைன்மேன் வந்துதான் எறக்கணும். ஏன், அதையே வரையேன்? ஒரிஜித் சென்னு ஒருத்தரு 1994ல நர்மதை ஆத்துச் சனத்தப் பத்தி ஒரு படக்கதைப் புஸ்தகம் போட்டாரு. இங்க நொய்யலு நாளொரு கலர்ல ஓடுச்சு. 2011 சனவரியில ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள மூடச் சொன்னப்ப ஊரே கன்னத்துல கை வெச்சு உக்காந்துது. இத வரையறதுக்கு நியூயார்க்குக்காரனா வருவான்?

இப்ப அடிக்கறதப் பேசலாம். இங்கதான் நீ விழுவ. ஆப்செட்டுக்காரங்கிட்டப் போனா, "தம்பி, இருநூறு போட்டாலும் பிளேட்டுக் காசு அதேதான், ஆயிரம் போட்டா ஒண்ணுக்கு வெல பாதியாயிரும்"பான். கணக்கு நெசம். மனசு குளுந்துரும். வித்தது அறுபது. மீதி உன்ற கட்டிலுக்கடியில. பனியன் மிஞ்சுனா காதர்பேட்டையில செகண்ட்ஸ்னு தள்ளி வுட்டுரலாம், அங்க ஒத்தக் கை இல்லாத பனியனுக்கும் ஆளு உண்டு. மிஞ்சுன காமிக்ஸுக்கு அப்பிடிப் பேட்டை கெடையாது. பழைய பேப்பர் கடையில தராசு மட்டும் உண்டு. அங்க கதைக்கும் காசில்ல, படத்துக்கும் காசில்ல.

அதனால மொத தடவ ஜெராக்ஸ். ஒரு ஏ4 தாளு, ஒரு பக்கம் மட்டும் அடி. மூணு மடிப்பு மடிச்சு நடுவால ஒரு வெட்டு வெட்டுனா எட்டுப் பக்கப் புஸ்தகம். பின்னும் வேண்டா, பசையும் வேண்டா. இல்ல, நடுவுல பின் அடிச்சு மொத்தமாத்தான் போடுவேன்னா, பக்கம் நாலுநாலாத்தான் ஏறும். கதை பதிமூணாம் பக்கத்துல முடிஞ்சா மீதி மூணுக்கு என்ன பண்ணுவ? 'வாசகர் கடிதம்'னு போட்டு நீயே உன்னையப் பாராட்டி எழுதிக்குவ. எழுது, ஆனா பாராட்டுல கொஞ்சம் கொறையும் சேத்து எழுது. அப்பத்தான் நம்புவாங்க.

அட்டைக்கு உன்ற பட்டறை ஃப்ரேமே போதும். ஞாயித்துக்கிழமை மொதலாளிகிட்டக் கேட்டுட்டு அடி, கேக்காம அடிச்சா வேலையும் போயிரும். கலருக்கு ஒரு ஃப்ரேம் வேணும், அதனால ரெண்டு கலரோட நிறுத்திக்க. மை கொஞ்சம் நகந்து, மூக்கு ஒரு பக்கம் செவப்பு ஒரு பக்கம்னு விழும். பதறாத. பனியன்ல நகந்தா ரிஜெக்ட்டு. புஸ்தகத்துல நகந்தா 'கைவேலை'ன்னு சொல்லி அம்பது ரூவா சேத்து வாங்கலாம். அத வாங்கறதுக்குன்னே தாடி வளத்த ஆளுக இருக்கறாங்க.

அப்பறம் ஒறம்பரை. "எனக்கொண்ணு குடு கண்ணு"ன்னு வாங்குவாங்க, பிரிக்க மாட்டாங்க, "சூப்பர்"னு சொல்லுவாங்க. உங்க சித்தப்பன் அதுமேல டீ டம்ளர் வெப்பான். நீ மூணு ராத்திரி முழிச்சு வரைஞ்ச பக்கத்த ஒருத்தன் கொட்டாவி வுட்டுட்டே பொரட்டுவான். அன்னிக்குச் சோறு எறங்காது. அடுத்த நாளு முன்னப்பின்ன தெரியாத ஒரு செக்கிங் புள்ள, டிபன் நேரத்துல நெசமாவே சிரிச்சுப் படிச்சுதுன்னு கேள்விப்படுவ. ஒடனே வேலைய வுட்டுட்டு முழுநேரமும் இதுதான்னு கெளம்பாத. மொத நாளு சோறு எறங்காததும் கெரகந்தான், ரெண்டா நாளு காலு தரையில நிக்காததும் கெரகந்தான்.

உனக்கில்லாதது ஷிப்மெண்ட் தேதி. அது இல்லாததாலதான் போன வருசத்துல இருந்து தலைப்பு எழுத்தையே அழிச்சு அழிச்சு வரைஞ்சுட்டு இருக்கற. தை மாசத்தையொட்டி நம்மூர்ல புத்தகத் திருவிழா, ஆடியில ஈரோட்டுல புத்தகத் திருவிழா. இது ரெண்டும் கப்பல் கெளம்பற நாளுன்னு வெச்சுக்க. வரைஞ்ச மட்டும் ஏத்து.

சிவகாசிக்காரங்களப் பாரு. 1972ல முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோட வந்துது. 1984ல விஜயன்னு ஒரு சின்னப் பையன் லயன் காமிக்ஸ் ஆரம்பிச்சான். நடுவுல தள்ளாடி, வருமா வராதான்னு ஆயி, 2012ல மறுபடி எந்திரிச்சுது. அடுத்த வருசம் 400 ரூவாயில ஒரு தடிப் புஸ்தகம் போட்டாங்க, அதுக்கு வாசகருங்க முன்கூட்டியே பணங்கட்டி வாங்குனாங்க. அச்சடிக்கறதுக்கு முன்னாலயே பணம்! நம்ம எக்ஸ்போர்ட்டுக்காரன் சரக்க அனுப்பிட்டு மாசக்கணக்குல பேங்குக்கு நடக்கறான். அவிங்க அந்த நம்பிக்கைய வாங்கறதுக்கு எத்தன இதழு போட வேண்டியிருந்துதுன்னும் சேத்து எண்ணிக்க. மொத இதழு எவனும் போட்டுருவான் சாமி, ஊர்ல பாதிப்பேரு வீட்டுப் பரண்ல ஒரு மொத இதழு கெடக்குது.

அப்பறம், அந்த ஆறாம் பக்கத்துல திண்ணையில உக்காந்து எல்லாத்துக்கும் கருத்துச் சொல்ற கெழவன் ஆருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சயா? காது சரியாத்தான் வரைஞ்சிருக்கற. மீசைதான் தப்பு. நம்ம மீசை அப்பிடித் தொங்காது. இந்த இதழ்ல ஏற்கெனவே அடிச்சாச்சுன்னா போவுது, அடுத்த இதழ்ல நிமித்தி வுடு. எனக்கு ரெண்டு பிரதி. காசு உங்கம்மாகிட்ட வாங்கிக்க.