கொண்டாட்டப் படகில் குழாய் மூச்சு: கஞ்சிக்கோட்டு நோக்கில் ஒரு முன்னாய்வு

கோவாவில் காலையில் படகேறி, காதைப் பிளக்கும் பாட்டோடு கிராண்டே தீவு வரை போய், டால்பின் பார்த்து, தூண்டில் போட்டு, பீர் குடித்து, மீன் வறுவல் தின்று, நடுவில் இருபது நிமிடமோ அரை மணியோ கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு முகத்தைக் கடலுக்குள் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, பிற்பகலில் கரை திரும்பும் பயணம் ஒன்று உண்டு. சோழர் கடற்படை பற்றித் தமிழில் ஆய்வு மேல் ஆய்வு வந்துகொண்டே இருக்கிறது. வாடகைக் கண்ணாடிக்குள் துப்பலாமா கூடாதா என்பது குறித்து ஓர் அடிக்குறிப்புகூடக் கிடையாது. இந்தப் பெரும் பள்ளத்தைத் தூர்க்கும் பொறுப்பு கஞ்சிக்கோட்டின் தலையில் விழுந்திருக்கிறது.

கஞ்சிக்கோட்டுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று தடை எழுப்புவோர் உண்டு. அவர்கள் வாளையார் சோதனைச்சாவடியைத் தாண்டி வந்து விடை பெற்றுச் செல்க. பாலக்காட்டுக்குக் கிழக்கே ஆலைகளும், 2015-ல் தொடங்கிய ஐஐடியின் வளாகமும், ரயில் பாதையை இரவில் கடக்கும் யானைகளும் உள்ள ஊர் இது. பொன்னானிக் கடல் நூறு கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆயினும் இவ்வூர் நெய்தல் நிலமே என்பதற்குச் சான்றுகள் மூன்று. இப்பக்கத்துக் கோரையாறு கல்பாத்திப் புழையில் சேர்கிறது. கல்பாத்திப் புழை பாரதப்புழையில். பாரதப்புழை பொன்னானியில் அரபிக்கடலில். ஆகவே கஞ்சிக்கோட்டில் கவிழ்த்த ஒரு குடம் தண்ணீர், வழியில் மணல் குடித்துவிடாத பட்சத்தில், கடலாடக் கிளம்பிவிட்டது என்க. அடுத்து, அரபிக்கடலின் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே நேரே இங்கு நுழைகிறது. அதை நம்பிக் கேரள மின்வாரியம் 1995-ல் ஒவ்வொன்றும் 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகளை இங்கே நிறுத்தியது. கடலில்லா ஊரில் கடற்காற்றுக்கு என்ன வேலை? மூன்றாம் சான்று உரைமரபு சார்ந்தது. முல்லைப்பாட்டு மொத்தமே 103 அடி. அதற்குள் ஒரு மூலையில் கிடந்த சொல்லை இன்னொரு மூலைக்கு இழுத்து வந்து கூட்டிப் பொருள் கண்டவர் நச்சினார்க்கினியர். மறைமலையடிகள் கோபித்துக்கொண்டும் பயனில்லை. அந்தத் தாவலோடு ஒப்பிட்டால் பொன்னானி பக்கத்துத் தெரு.

இனி மூலநூல். கடற்கரைக் கடையொன்றில் இலவசமாகக் கொடுக்கப்படும் துண்டறிக்கையே இத்துறையின் முதன்மைச் சான்று. இதற்கு இரண்டு படிகள் கிடைக்கின்றன. பையிலேயே இருந்தது உலர்பிரதி. சட்டைப்பையோடு கடலில் இறங்கியது ஈரப்பிரதி. பதிப்பாசிரியர்கள் வழக்கப்படி, தெளிவாக வாசிக்க முடிகிற படியை ஐயத்துக்குரியதாகவும், எழுத்தே தெரியாத படியைத் தொன்மையானதாகவும் இக்கட்டுரை கொள்கிறது.

பயணத்துக்குரிய பெரும்பொழுது அக்டோபர் முதல் மே வரை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் கோவாவில் நீர்விளையாட்டுகள் நின்றுபோகும். மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரு மாதமும் விசைப்படகு மீன்பிடிக்கே தடை. ஓணம் வருவதோ சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட்–செப்டம்பரில். இங்கேதான் கஞ்சிக்கோட்டு ஆலைத் தொழிலாளியின் வரலாற்றுச் சிக்கல் தொடங்குகிறது. போனஸ் கையில் இருக்கும்போது கடல் மூடியிருக்கிறது. கடல் திறக்கும்போது போனஸ் எங்கே போனது என்று தெரிவதில்லை. தீபாவளிச் சீட்டு கட்டியவர்களே ஷொரணூர் வழியாகக் கொங்கண் ரயிலேறி மட்காவ் சேர்கிறார்கள்.

மாற்று இடங்கள்: லட்சத்தீவின் பங்காரம், நுழைவு அனுமதி வேண்டும்; திருகோணமலை நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு, அங்கே மீன்தான் ஆடும்.

படகு துறையை விட்டதும் முதலில் வருவது டால்பின் அதிகாரம். கோவாக் கரையோரம் காணக்கிடைப்பது பெரும்பாலும் கூன்முதுகு டால்பின் எனப்படும் சாம்பல்நிற இனம். சினிமாவில் வருவதுபோல வளையத்துக்குள் பாயாது. மூச்சுவிட முதுகை ஒரு நொடி நீருக்கு மேலே காட்டும், போய்விடும். அந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு படகில் மூன்று கொள்கைகள் பிறக்கின்றன. வலப்பக்கத்தார் இரண்டு கண்டனர். இடப்பக்கத்தார் ஒன்று கண்டனர். செல்போனைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தம் கட்டைவிரலைக் கண்டார். வீடியோ ஆதாரம் அவரிடம் மட்டுமே உள்ளது. (துண்டறிக்கை, முன்பக்கம்: டால்பின் உறுதி.)

லைஃப் ஜாக்கெட் பற்றி இக்கட்டுரையில் விளையாட்டு இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று இடுக்கி மாவட்டத் தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் தெரிந்த விலங்கைப் பார்க்கக் கூட்டம் ஒரே பக்கம் திரண்டது பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. 2023 மே 7-ல் தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். ஜாக்கெட்டைப் போடுவது மட்டும் போதாது, எல்லாக் கொக்கியையும் மாட்ட வேண்டும். டால்பின் எந்தப் பக்கம் வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க வேண்டும். குழாய் மூச்சு முதலில், பீர் பிறகு. இந்த வரிசையை மாற்றச் சொல்லும் படகில் ஏறக் கூடாது.

இனி நடுநாயகமான எச்சிலியல்.

கண்ணாடிக்குள் துப்ப வேண்டும் என்பது உலகெங்கும் முக்குளிப்போர் கைக்கொள்ளும் வழக்கம். காரணம் எளியது. முகத்தின் வெக்கையிலிருந்தும் மூக்கின் மூச்சிலிருந்தும் எழும் நீராவி, கடல்நீர் பட்டுக் குளிர்ந்திருக்கும் கண்ணாடியில் பொடித்துளிகளாகப் படிகிறது, ஒளி சிதறுகிறது, மீன் இருக்குமிடத்தில் மார்கழி மூடுபனி தெரிகிறது. எச்சிலில் உள்ள வழவழப்பான புரதங்கள் நீரின் பரப்பு இழுவிசையைத் தளர்த்துவதால், துளியாக நிற்க வேண்டிய நீர் மெல்லிய ஏடாகப் பரவிவிடுகிறது. குழந்தைகளுக்கான ஷாம்பு ஒரு சொட்டும் இதையே செய்யும். ஆனால் ஷாம்பு எடுத்துப் போக மறப்பவர் உண்டு, எச்சிலை வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் கிடையாது. துப்பி, விரலால் தேய்த்து, கடல்நீரில் ஒருமுறை அலசி, உடனே மாட்ட வேண்டும்.

அறிவியல் இவ்வளவுதான். பண்பாடுதான் பிரச்சினை. செம்பை உதட்டில் வைக்காமல் அண்ணாந்து குடிக்கும் மக்கள் நாம். பஸ்ஸில் முன்பின் தெரியாதவருக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டுவோம். வாய் வைத்துக் குடித்தாரா என்று ஓரக்கண்ணால் பார்த்த பிறகே திரும்ப வாங்குவோம். மாங்காயைச் சட்டைத் துணி சுற்றிக் கடித்தால் எச்சில் இல்லை என்று பள்ளிப் பருவத்திலேயே விதிவிலக்கும் வகுத்தவர்கள். அப்படிப்பட்ட ஒருவர் கையில், நேற்று யாரோ கடித்த, இன்று காலையும் யாரோ கடித்த, மருந்துத் தண்ணீர் வாளியில் ஒருமுறை முக்கி எடுத்த சிலிக்கான் வாய்க்கட்டியைக் கொடுத்து, பல்லால் கவ்வி உதட்டால் இறுக்கிக்கொள்ளச் சொல்கிறது இந்தப் பயணம். படகின் ஓரத்தில் நடந்த உரையாடல் ஒன்று இங்குத் தரப்படுகிறது. வயதில் மூத்தவர் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடியை மடியில் வைத்து அதையே பார்க்கிறார்.

“துப்புங்க மாமா.”

“எதுலடா?”

“அந்தக் கண்ணாடிலதான். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க.”

“எல்லாருமா? இதுலயா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கு இன்றுவரை எந்த ஆய்வும் விடை சொல்லவில்லை. மாமா வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தது போதாதென்று குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினார். கழுவியதால் முன்னவர்களின் எச்சிலோடு மூடுபனித் தடுப்பும் போயிற்று. நீருக்குள் அவர் கண்டது வெண்மை. அதை அவர் தமக்குத் தெரிந்த மிகத் தூய்மையான கடல் என்று வருணித்தார்.

இதன் உட்பிரிவு மீசை. கண்ணாடியின் ரப்பர் விளிம்பு மேலுதட்டுத் தோலில் ஒட்டினால்தான் நீர் புகாது. இடையில் மீசை மயிர் நின்றால் அதன் வழியே கடல் கசிந்து மூக்குக்குள் வரும். ஆகவே மீசைக்காரர் மூன்று கொள்கையினராகப் பிரிவர். வாசலின் பூசிப் படியவைப்போர் மிதவாதிகள். விளிம்பு படும் மேல் ஓரத்தை மட்டும் மழித்துக்கொள்வோர் சீர்திருத்தக்காரர்கள். மீசையை விட்டுத் தருவதைவிடக் கடலைக் குடிப்பது மேல் என்போர் மூன்றாமவர், அவர்களே பெரும்பான்மை. (துண்டறிக்கை, பின்பக்கம், இரண்டாம் மடிப்புக்குக் கீழ்: அனைவருக்கும் ஏற்றது. இங்கு ‘அனைவர்’ எனப்பட்டது மழித்தாரையே என்பர் ஒரு சாரார். உலர்பிரதியில் மட்டும் காணப்படுவதால் இடைச்செருகல் ஆகலாம்.)

குழாயின் நீளம் பற்றிய ஐயம் சினிமாவால் விளைந்தது. வில்லனின் ஆட்கள் குளக்கரையில் தேடுவார்கள். கதாநாயகன் ஆழத்தில் தாமரைத் தண்டைக் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் படுத்திருப்பான். கடையில் கிடைக்கும் குழாயோ 40 சென்டிமீட்டருக்கு மேல் போவதில்லை. ஒரு மீட்டர் ஆழத்தில் நெஞ்சின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மேலும் 100 கிராம் கூடுதலாக ஏறி உட்காரும். அதைத் தூக்கிக்கொண்டு மேலேயுள்ள காற்றை இழுக்க மனித மார்புத் தசைக்குத் தெம்பு போதாது. போதாததற்கு, நீண்ட குழாயில் விட்ட மூச்சு வெளியே போகாமல் அங்கேயே நிற்கும். அதையே திரும்பத் திரும்ப உள்ளே இழுக்க வேண்டியிருக்கும். கதாநாயகன் உண்மையில் அந்தக் காட்சியிலேயே இறந்திருக்க வேண்டும். படம் அதற்குப் பிறகும் இரண்டு மணி நேரம் ஓடியது வேறு செய்தி.

நீருக்குள் என்ன தெரியும்? கிராண்டே தீவு மோர்முகாவ் முனைக்கு அப்பால் உள்ளது. மாண்டவியும் சுவாரியும் வண்டல் கொண்டுவந்து கொட்டும் கடற்பகுதி. அந்தமானின் கண்ணாடி நீரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். கலங்கல் குறைந்த நாளில் சில மீட்டர் தூரத்துக்குப் பாறையும், பவளமும், வரிபோட்ட சிறு மீன்களும் தெரியும். பவளத்தின் மேல் கால் வைக்கக் கூடாது, அது உயிர். சிவப்பு நிறம் ஐந்தாறு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே நீரில் கரைந்துபோகும் என்பதால் அடியில் எல்லாம் பச்சையும் நீலமுமாக இருக்கும். இன்னொன்று: நீர், கண்ணாடி, காற்று என்று ஒளி வளைந்து வருவதால் எப்பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு கிட்டத்திலும் தெரியும். முப்பது சென்டிமீட்டர் மீன் நாற்பதாகத் தெரியும், படகேறும்போது அறுபதாகும், பாலக்காடு ஜங்ஷனில் இறங்கும்போது சுறா. கண்டுபிடிப்புகள் இவ்வாறு வளர்வதற்கு முகத்தில் கண்ணாடி கட்டாயம் இல்லை என்பதைத் தமிழ் நாகரிகத்தின் வயது பற்றிய கருத்தரங்குகளுக்குப் போனவர்கள் அறிவர். அங்கே ஆண்டுகளும் மதிய உணவுக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு கூடும்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று தொல்காப்பிய மரபு சொல்கிறது. அது தலைவியின் இரங்கல் என்று இதுவரை கருதிவந்தார்கள். நங்கூரமிட்ட படகின் பின்பகுதியில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நிற்கும் நால்வரைப் பார்த்தால் உண்மை விளங்கும். உட்காது அசைகிறோம் என்கிறது. படகுப் பலகையைப் பார்க்கும் கண்ணோ அசையவில்லை என்கிறது. இருவருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட வயிறு இரங்குகிறது. தொடுவானத்தைப் பார்ப்பது நல்லது. மாத்திரை போடுவதென்றால் மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். இரங்கத் தொடங்கிய பின் போட்டால் மீனுக்குத்தான் போய்ச் சேரும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே கடந்தவர்கள் இங்கும் எலுமிச்சையோடு வருகிறார்கள். தூண்டிலில் மீன் சிக்காதபோது அதுவும் கடலுக்குள் வீசப்படுகிறது.

ஆடல்: இடம் போதாது.

உணவு: நீருக்குள் பார்த்தபோது காட்டிய மரியாதை தட்டில் காட்டப்படுவதில்லை.

எஞ்சியிருப்பது இத்துறையின் ஆகப்பெரிய சிக்கலான நட்சத்திரக்குறி. துண்டறிக்கையில் பீர் அன்லிமிடெட் என்று கொட்டை எழுத்தில் உள்ளது. அதன் தோளில் ஒரு சிறு நட்சத்திரம். நட்சத்திரம் என்றால் கீழே எங்கோ விளக்கம் இருந்தாக வேண்டும். உலர்பிரதியில் அந்த இடத்தை யாரோ பல்குத்தக் கிழித்துவிட்டார்கள். ஈரப்பிரதியில் அது கடலோடு கலந்துவிட்டது. (துண்டறிக்கை, ஈரப்பிரதி, பின்பக்கம், வறுவல் எண்ணெய்க் கறைக்கு மேற்கே இரு விரற்கடை, ஐந்து ரூபாய்க் காசு பதிந்த வட்டத்தின் உள்விளிம்பில், வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து இடக்கண்ணை மூடினால் தெரியும் மூன்று கால்களும் ஒரு சுழியும், ஒப்பு நோக்குக: அதே பிரதி, மறுநாள், தலையணைக்கு அடியில் வைத்து அழுத்திய பின், ஒரு காலும் இரண்டு சுழியும்.) மூன்று கால் ‘பீருக்கு வரம்பில்லை, குடிப்பவருக்குத்தான் உண்டு’ என்பதன் எச்சம் என்பது மேல்தளப் பள்ளியினர் கருத்து. நட்சத்திரம் வெறும் அலங்காரமே என்பது ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோர் கருத்து; இவர்கள் தம் கருத்தைச் செய்முறையாலும் நிறுவ முயன்றார்கள்.

மூன்றாம் பாட்டிலுக்குக் கை நீண்டபோது படகுக்காரர் ஐஸ்பெட்டியின் மூடியின்மேல் உட்கார்ந்தார். “ஏக் ஆத்மி, தோ பாட்டில்” என்று இரண்டு விரலையும் காட்டினார். துண்டறிக்கையை அச்சடிக்கக் கொடுத்தவரே தாம்தான் என்றும் சொன்னார். இது வாய்மொழிச் சான்று என்பதால் ஆய்வாளர்கள் ஏற்கவில்லை.