கத்தரி படாத அழகு

1868-இல் ஸ்காட்லாந்து மலைநாட்டில் டட்லி மார்ச்பேங்க்ஸ் (பின்னாளில் ட்வீட்மவுத் பிரபு) நூஸ் என்ற மஞ்சள் ரெட்ரீவரையும் பெல் என்ற ட்வீட் நீர் ஸ்பேனியலையும் ஜோடி சேர்த்தார். அவருக்கு வேண்டியிருந்தது, சுட்டு வீழ்த்திய பறவையைக் குளிர்ந்த தண்ணீரிலிருந்து கவ்விக்கொண்டு வரும் நாய். அதனால்தான் அந்த ஜோடியிலிருந்து உருவான கோல்டன் ரெட்ரீவருக்கு இரட்டை ரோமம்: உள்ளே குளிர் தாங்கும் அடர்முடி, வெளியே தண்ணீர் ஒட்டாத நீளமுடி. சேற்றில் இறங்கி, ஏறி, ஓர் உதறு உதறிவிட்டுப் போவதற்கான ஏற்பாடு.

அந்த ஜோடியின் வாரிசுகள் இன்று கண்காட்சி மேசையில் நிற்கின்றன.

அமெரிக்கன் கென்னல் கிளப்பின் இலக்கணம் கறாரானது. பாதத்தைச் சீர்செய்யலாம், பிசிறை ஒழுங்குபடுத்தலாம். வெட்டி இயற்கைத் தோற்றத்தை மாற்றக்கூடாது. ஆகவே மாற்றாத மாதிரி மாற்றுகிறார்கள். குளிப்பாட்டி, டிரையரால் முடி படிய உலர்த்தி, பல் வைத்த கத்தரிக்கோலால் காதோரத்தைக் குறைத்து, விரலிடுக்கில் செருப்புபோல் பிதுங்கும் முடியை வட்டமாக நறுக்கி... கத்தரி பட்ட தடம் தெரியக்கூடாது, அதுதான் வித்தை. கல்யாணப் பெண்ணுக்கு ‘மேக்கப்பே போடாத’ மேக்கப் போடுவதைப்போல.

வீட்டு நாயின் கதை வேறு. காதுக்குப் பின்னால் சிக்கு விழும். பருவம் மாறினால் உள்முடி கொத்துக்கொத்தாகச் சோபாவுக்குக் குடிபெயரும். வெயிலாயிற்றே என்று இரக்கப்பட்டு மொட்டையடிப்பவர்களும் உண்டு. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அதே ரோமம்தான். சில நாய்களுக்கு அது திட்டுத்திட்டாகத்தான் திரும்ப முளைக்கிறது.

நாய் எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும். அலங்காரம் முடிந்து மேசையை விட்டு இறங்கியதும், பக்கத்தில் ஏதாவது குட்டை இருக்கிறதா என்று பார்க்கும்.