பென்சில் வாசகர்

கிளை நூலகம் என்று ஒன்று இருந்தால் அதற்கொரு பென்சில் வாசகரும் இருப்பார். பெரும்பாலும் ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் கண்ணாடிக் கூடு. அதற்குள்ளேயே சீவிச் சீவிக் கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்த ஒரு பென்சில். எந்தப் புத்தகத்தையும் சாதுவாகத்தான் படிப்பார். நாவலில் காதல் தலைகாட்டியதும் பென்சில் வெளியே வந்துவிடும்.

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ளை எடுத்துப் பாருங்கள். 600 பக்கங்களைத் தாண்டும் அந்தக் கும்பகோணத்துக் கதையின் ஓரங்களில் இவர் குடியே இருக்கிறார். தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவிடம் கதாநாயகன் பாபு மனதைப் பறிகொடுக்கும்போது, “தம்பி, வேண்டாம்.” கொஞ்சம் தள்ளி, “படிப்பு என்ன ஆச்சு?” ரங்கண்ணாவிடம் பாட்டுக் கற்கப் போனால், “இது நல்ல காரியம்.” பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் வருகிற இடத்தில் எழுத்தே இல்லை, பென்சில் முனை ஒடிந்த தடம் மட்டும். அவள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அவளைக் கிழவனுக்குக் கட்டிக்கொடுத்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார்.

யமுனாவுக்கு வரன் தேடும்போது இவர் பெண் வீட்டுக்காரர். தாய்வழி மராட்டிய வம்சத்தைச் சொல்லி வரன் தட்டிப்போனால், “இவனுக்கெல்லாம் கல்யாணம் ஒரு கேடு!” என்று சாபம் விடுவார். பாபு வருஷக்கணக்காகக் காத்திருக்க, கண்டிப்பு மெல்லக் கரைகிறது. முன்பாதியில் “வெட்கமாயில்லை?” என்று கேட்டவர், பின்பாதியில் “இன்னும் எத்தனை நாள்தான் இழுப்பாய், அம்மா?” என்று யமுனாவைக் கெஞ்சுகிறார்.

வீட்டில் கதை வேறு. அண்ணன் மகன் தன்னைவிட இரண்டு வயது மூத்த பெண்ணைக் கட்டிக்கொண்டதால் அந்த வீட்டில் இன்னும் காப்பி குடிப்பதில்லை. கேட்டால், “அது இலக்கியம் சார், இது குடும்பம்.”

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை வந்தபோது கொதித்துப்போய்க் கடிதம் எழுதிய வாசகர்களின் வாரிசு இவர். தபால் செலவு மிச்சம், அவ்வளவுதான்.

1995-இல் ஞான ராஜசேகரன் ‘மோகமுள்’ளைப் படமாக எடுத்தார். பார்த்துவிட்டு வந்தவர், “யமுனா இப்படி இருக்கமாட்டாள்” என்றார். “நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?” என்று அவர் வீட்டு மாமி கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நூலகர் அம்மாளும் புத்தகத்தில் எழுத வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டார். “அழித்துக்கொள்ளலாம் என்றுதானே அம்மா பென்சில்?” என்பார் இவர். இதுவரை ஒரு வரியைக்கூட அழித்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் அவர் தீர்ப்பு: “இப்படி முடித்திருக்கக் கூடாது.” கீழே யாரோ ஒரு பெண் பால்பாயிண்ட் பேனாவில் கேட்டிருக்கிறாள்: “அப்போ எப்படி முடிக்கணும் மாமா?” அதற்கும் கீழே, மறுபடி பென்சில்: “புத்தகத்தில் பேனாவால் எழுதக் கூடாது. பதில், அடுத்த தடவை படித்துவிட்டு.”