எலிக்குள் ஒரு மனிதக் கதவு

கேள்வி: மூளைக்காய்ச்சல் வைரஸை ஆராய எலிதானா கிடைத்தது? எலிக்கும் நமக்கும் ஒரே மூளையா?
– வாசகி, வேலூர்

பதில்: இல்லவே இல்லை. போலியோ வைரஸே அதற்குச் சாட்சி! அதன் பெரும்பாலான ரகங்கள் சாதாரணச் சுண்டெலியைச் சீண்டுவதே கிடையாது. வைரஸ் நுழையும் கதவு மனித செல்லில் இருக்கிறது, எலி செல்லில் இல்லை. 1990-இல் அந்தக் கதவுக்கான மனித மரபணுவை எலிக்குள் வைத்தார்கள். எலிக்கும் வாதம் வந்தது. நம்மைப் புரிந்துகொள்ள எலியைக் கொஞ்சம் மனிதராக்க வேண்டியிருந்தது!

அதற்கு முன்பே, மஞ்சள் காய்ச்சலுக்குக் குரங்குகளையே நம்பியிருந்த காலத்தில், வைரஸைச் சுண்டெலி மூளைக்குள் செலுத்திப் பார்த்தவர் மேக்ஸ் தெய்லர். பிறகு அவர் உருவாக்கிய 17டி தடுப்பூசிக்கு 1951-இல் நோபல் பரிசு.

உங்கள் ஊருக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மனிதரிடம் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூரில். அந்நோய்க்கு நெடுங்காலம் போடப்பட்ட தடுப்பூசி, சுண்டெலி மூளையில் வளர்த்த வைரஸிலிருந்து வந்ததுதான். எத்தனையோ பிள்ளைகளின் மூளையைக் காத்தது எலியின் மூளை! இப்போது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலேயே அதைத் தயாரிக்கிறார்கள். எலிக்கு நிம்மதி, எனக்கும்.