கைக்காவல் கனவான்

தேரோட்டுவதிலும் சமைப்பதிலும் ஒருங்கே கைதேர்ந்தவர் என்று புராணப் பிரசித்தி பெற்றவர் நளமகாராஜா ஒருவர்தான். ஆனால் அந்த மகானுபாவர்கூட, இருதுபர்ணனுடைய தேரை விதர்ப்ப தேசத்துக்குக் காற்றாய் விரட்டிக்கொண்டு போனபோது, தேருக்குள்ளேயே அடுப்பு மூட்டியதாகக் கதை இல்லை. குதிரைகளை அவிழ்த்துக் கட்டி, அவற்றுக்குத் தீனி வைத்த பிற்பாடுதான் கரண்டியைக் கையில் எடுத்தார். நளன் செய்யாது விட்ட அந்த ஒரு காரியத்தையும் சாதித்து, தேரையும் மடைப்பள்ளியையும் பள்ளியறையையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்து, அந்தக் கூரைக்கு அடியில் நாலு சக்கரங்களையும் பொருத்திக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிற பெருமை, இங்கிலாந்து தேசத்தில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, பென்ஷனும் முழங்கால் வலியும் ஏககாலத்தில் கைவரப்பெற்ற ஒரு வகைக் கனவான்களையே சாரும்.

அவர்கள் வாசம் செய்யும் வாகனத்துக்கு மோட்டார்ஹோம் என்று பெயர். இந்த மோகம் அந்தத் தேசத்தாருக்குப் புதிதன்று. கப்பற்படை வைத்தியராயிருந்து ஓய்வு பெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர் 1885-ஆம் வருஷத்திலேயே ‘வாண்டரர்’ என்று பெயரிட்ட ஒரு வண்டிவீட்டைச் செய்வித்து, இரண்டு குதிரைகளைப் பூட்டி, வண்டிக்காரன், பணியாள், நாய், கிளி சகிதமாக இங்கிலாந்திலிருந்து ஸ்காத்லாந்து வரைக்கும் போய், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். குதிரை போய் டீசல் எஞ்சின் வந்துவிட்டது. பணியாளுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் அந்த ஸ்தானத்தை இப்போது தர்மபத்தினி வகிக்கிறாள். மற்றப்படி மனோபாவத்தில் மாறுதல் ஏதும் ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

நான் இங்கே சித்திரிக்க விரும்புகிற கனவானுக்குப் பிரயாணத்தில் உள்ள ஆசையைக் காட்டிலும், பிரயாணத்தில் ஏற்படக்கூடிய ஆபத்துகளில் உள்ள ஆசை அதிகம். பனி கொட்டி வழி அடைபட்டுப் போகலாம், கடைகள் எல்லாம் ஒரே நாளில் கதவடைக்கலாம், பாலம் உடையலாம், படகு ஓடாமல் நின்றுவிடலாம், அப்போது ஊரெல்லாம் பசியால் தவிக்க, தாம் மட்டும் ஜன்னல் திரையை இழுத்து விட்டுக்கொண்டு, சூடாக ஒரு தட்டு ஆகாரத்தைத் தயார் செய்து உண்ணவேண்டும் என்பது அவருடைய அந்தரங்க லட்சியம். இதன் பொருட்டு, பகலில் ஆசனமாகவும் இரவில் படுக்கையாகவும் உருமாறுகிற அந்த மெத்தையின் அடியிலுள்ள பெட்டியில், கைக்காவலாக ஒரு களஞ்சியத்தை அவர் ஸ்தாபித்து வைத்திருக்கிறார்.

அந்தப் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டச் சொன்னால், நம்மூரில் பூஜையறையைத் திறந்து காட்டுகிற பவ்யத்தோடு திறந்து காட்டுவார். தக்காளிச் சாற்றில் வெந்து கிடக்கிற வெள்ளை பீன்ஸ் டப்பாக்கள் முதல் வரிசை. 1886-இல் லண்டனில் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் என்ற பிரபுக்களின் கடையில் விற்பனைக்கு வந்து, பிற்பாடு ஏழைகளின் காலை உணவாக வடிவெடுத்த அந்தப் பதார்த்தம் இல்லாமல் ஆங்கிலேயரின் எந்தப் படையெடுப்பும் பூர்த்தியாவதில்லை. அதற்குப் பின்னால் மத்தி மீன், சூரை மீன், கொண்டைக்கடலை, தோலுரித்த தக்காளி, உருகுவே தேசத்து ஃப்ரே பெந்தோஸ் என்ற ஆற்றங்கரைப் பட்டணத்தின் பேரை உலகமெல்லாம் பரப்பிய உப்புக்கண்ட மாட்டிறைச்சி வகையறா. வெந்நீரை ஊற்றினால் மசியலாகிவிடுகிற உருளைக்கிழங்குப் பொடி. வாரக்கணக்கில் கெடாத நான் ரொட்டி. உறையோடு சூடாக்கப்படும் சோறு. எப்போதோ கறந்து எப்போதோ காய்ச்சிக் காகிதப் பெட்டியில் அடைத்த பால். கடைசியில், நீலநிற அட்டை போட்ட ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு டப்பாவும் வாங்கிய தேதி, அதன் ஆயுட்காலம் முடிகிற தேதி, எந்த மூலையில் அது குடியிருக்கிறது என்ற விலாசம் எல்லாம் அதில் முத்து முத்தான கையெழுத்தில் பதிவாகியிருக்கும். அந்தத் தேசத்து விதிப்படி ‘இந்தத் தேதிக்குள் உண்டால் உத்தமம்’ என்று போட்டிருப்பது ருசியைப் பற்றிய சமாசாரமே ஒழிய உயிரைப் பற்றியதன்று. அது தாண்டினாலும் டப்பா ஒரு பாவமும் செய்யாது. ஆயினும் நம் கனவான் அந்தத் தேதியை எமதர்மராஜன் அனுப்பிய ஓலையாகவே பாவித்து நடுங்குவார்.

இந்தக் களஞ்சியத்துக்குச் சத்துரு பசியன்று, பாரம். பெரும்பாலான மோட்டார் வீடுகள், ஆட்களும் சாமான்களும் உட்பட 3,500 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுக்கு உட்பட்டவை. வண்டியின் சொந்த எடையும், படுக்கையும், மிதிவண்டிகளும், வெயில் மறைப்புக் கூடாரமும் போக மிஞ்சுவது சொற்பம். அதிலே நூறு லிட்டர் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினால் நூறு கிலோ தீர்ந்தது. ஆகவே எடைமேடையில் வண்டியை ஏற்றி முள் எல்லை தாண்டுவதைக் கண்டால், நம் கனவான் பத்தினியின் இரண்டாவது ஜோடி பாதரட்சையை இறக்குவார். தண்ணீரைப் பாதி திறந்து விடுவார். ஒரு பீன்ஸ் டப்பாவை இறக்கச் சம்மதிக்கமாட்டார்.

டப்பாவில் தண்ணீர் சேர்ந்தே வருகிறது, ஆனால் கனம். உலர்ந்த பண்டம் லேசு, ஆனால் அதற்குத் தண்ணீரும் காஸும் வேண்டும். இந்த முடிச்சை முன்னிட்டு மோட்டார் வீட்டு உலகம் இரண்டு சம்பிரதாயங்களாகப் பிரிந்து, காஞ்சீபுரத்து யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்று நடந்த வியாஜ்யத்துக்குச் சற்றும் குறையாத உக்கிரத்தோடு தர்க்கித்து வருகிறது. உலர் சம்பிரதாயத்தார், பாஸ்டாவை ஒரு மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டால் அப்புறம் குழம்பில் இரண்டே நிமிஷம் கொதித்தால் போதும், காஸ் மிச்சம் என்று பிரமாணம் காட்டுவார்கள், அது உண்மையே. கூஸ்கூஸ் என்கிற வட ஆப்பிரிக்கத்து ரவைமணியோ அடுப்பையே கேட்பதில்லை; சம அளவு கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்தால் உதிரி உதிரியாக மலர்ந்து விடுகிறது. இருபட்சத்தையும் பட்சபாதமின்றிப் பரிசீலித்த என்னுடைய அபிப்பிராயம், கூஸ்கூஸைக் கண்டுபிடித்த பாட்டி எவளோ அவளுக்கு மோட்டார் வீட்டுக்காரர்கள் சிலை வைக்கவேண்டும் என்பதே.

அடுப்பைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் மாலை கழிந்து இரவாகிவிடும். நீலநிற சிலிண்டரில் இருப்பது பியூட்டேன். சிவப்பு சிலிண்டரில் இருப்பது புரொப்பேன். தண்ணீர் உறைகிற குளிர் வந்தால் பியூட்டேன் திரவமாகவே சுருண்டு படுத்துக்கொண்டு ஆவியாகி மேலே வர மறுக்கும். புரொப்பேனோ பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரி வரையில் அசராது. இந்தச் சாஸ்திரத்தை அவர் மார்கழிக் குளிரைத் தோற்கடிக்கும் ஒரு காலை நேரத்தில், அணைந்துபோன அடுப்பின் முன்னால், கம்பளியைப் போர்த்திக்கொண்டு தேநீருக்காகக் காத்திருக்கிற பத்தினிக்கு ஆதியோடந்தமாக விளக்குவார். அவள் சாதுவான ஸ்திரீ. சிவப்பு சிலிண்டரை ஏன் வாங்கவில்லை என்று மட்டும் கேட்பாள்.

மின்சாரம் இருக்கிறதே என்பீர்கள். முகாம்களில் கம்பத்திலிருந்து வண்டிக்கு மின்சாரம் இழுத்துக்கொள்ள வசதி உண்டுதான். ஆனால் பிரெஞ்சு தேசத்து முகாம்கள் பலவற்றில் ஆறு ஆம்பியருக்கு மேல் கிடைப்பதில்லை. ஆறு ஆம்பியர் என்பது ஏறக்குறைய 1,380 வாட். ஆங்கிலேயரின் வீட்டுக் கெட்டிலோ 3,000 வாட் குடிக்கும். அதைச் செருகி விசையைத் தட்டிய அடுத்த கணம் தம் வண்டியை இருட்டாக்கிய புண்ணியத்தை ஒரு தடவையாவது கட்டிக்கொள்ளாத மோட்டார் வீட்டுக்காரர் அபூர்வம். அதற்குப் பிறகு குறைந்த வாட் கெட்டில் ஒன்று, ஆமை வேகத்தில் கொதிப்பது, வண்டியில் குடியேறும்.

இங்ஙனம் இயற்கையோடு சமரசம் செய்துகொண்ட கனவானை, ராஜாங்கம்தான் நிலைகுலையச் செய்துவிட்டது. பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியேறியதன் பலனாக, 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து அந்தத் தீவினர் ஐரோப்பாவுக்குள் இறைச்சியோ பாலோ எடுத்துப் போகக்கூடாது என்ற விதி அமலுக்கு வந்தது. அந்த மாதத்திலேயே ஹாலந்து துறைமுகத்தில் லாரி ஓட்டிகளின் பன்றியிறைச்சி சாண்ட்விச்சுகளைச் சுங்க உத்தியோகஸ்தர்கள் பறிமுதல் செய்த காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த நம் கனவான், இரவெல்லாம் உறங்கவில்லை. நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, உப்புக்கண்டம், கோழி சூப்பு, பெட்டிப் பால், பாற்கட்டி என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு மையினால் அடித்தார். பீன்ஸ் சைவப் பண்டமானபடியால் தப்பிப் பிழைத்தது. அதிலும் கொத்திறைச்சிக் குழல்கள் கலந்த வகை சாதிப் பிரஷ்டம் செய்யப்பட்டது. போகட்டும், திரும்பும்போதாவது பிரெஞ்சுப் பாற்கட்டி வாங்கி வரலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தவருக்கு 2025 ஏப்ரலில் மறு அடி விழுந்தது: ஐரோப்பாவில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் கண்டதால், அங்கிருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டு வரக்கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்காரே தடை போட்டுவிட்டது. போகும்போது பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் சைவர். வரும்போது ஆங்கிலத் துறைமுகமான டோவரில் சைவர். வள்ளலார் பிறந்த மண்ணிலே சாதிக்க முடியாததை இரண்டு சுங்கச் சாவடிகள் சாதித்திருக்கின்றன.

அவருடைய களஞ்சியத்தில் நம்மவர் பங்கு ஒன்றும் உண்டு. ‘மெட்ராஸ்’ என்று எழுதிய கறி டப்பா அது. அந்தத் தேசத்தில் மெட்ராஸ் என்பது ஓர் ஊரன்று. கோர்மாவுக்கு மேலே, விண்டாலுவுக்குக் கீழே, காரத்தின் ஒரு படி. அந்த டப்பாவிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்த மயிலாப்பூர்வாசி எவரும், தம் ஊருக்கு என்ன நேர்ந்துவிட்டதோ என்று கவலைப்படுவார். கனவான் என்னிடம் மிகுந்த மரியாதையோடு, “இது உங்கள் வீட்டுச் சமையலைப் போல இருக்கிறது அல்லவா?” என்று கேட்டார். விருந்தாளியாகப் போன இடத்தில் சத்தியம் பேசுவது தருமமாகாது என்று எண்ணி, நிறம் ஒத்துப் போகிறது என்றேன்.

இத்தனை ஆயத்தங்களும் எந்த ஆபத்துக்காகச் செய்யப்பட்டனவோ அந்த ஆபத்து ஓர் இரவு வந்தே சேர்ந்தது. ஸ்காத்லாந்தின் வடகரை ஓரமாகச் சுற்றிவரும் நார்த் கோஸ்ட் 500 என்ற பாதையில், டர்னஸ் என்ற குக்கிராமத்துக்கு இப்பால், காற்றும் மழையும் வண்டியைத் தொட்டிலாட்டுகிற வேளையில், உணவு விடுதி மூடிவிட்டது, கடையும் மூடிவிட்டது. கனவானின் முகத்தில் பரிபூரண ஆனந்தம் தாண்டவமாடியது. மெத்தையைத் தூக்கினார், நோட்டைப் பிரித்தார், டப்பாக்களைத் தடவிப் பார்த்தார். இதைத் திறக்கலாமா, அதைத் திறக்கலாமா என்று நெடுநேரம் ஆலோசித்தார். திறந்துவிட்டால் கைக்காவல் குறைந்து போகுமே, நாளைக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வந்தால் எதைத் தின்பது என்ற கேள்வி அவரை வாட்டியது. இறுதியில் எதையும் திறக்காமல், மூடியைச் சாத்திவிட்டு, நிலைமை இன்னும் அவ்வளவு மோசமாகவில்லை என்று தீர்ப்புக் கூறினார்.

அதற்குள்ளே பத்தினி, நோட்டில் பதிவாகாத தன் சொந்த அலமாரியிலிருந்து ஒரு வெங்காயத்தையும் இரண்டு பூண்டுப் பற்களையும் எடுத்து நறுக்கி, ஒரே வாணலியில் எண்ணெய் விட்டு வதக்கி, சீரகப் பொடி தூவி, போன வாரம் வாங்கிய தக்காளி டப்பா ஒன்றையும் கொண்டைக்கடலை டப்பா ஒன்றையும் வடிகட்டாமல் கவிழ்த்துப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டாள். கொதிக்கிற குழம்பில் நாலு குழி செய்து நாலு முட்டைகளை உடைத்து விட்டு மூடினாள். கெட்டிலில் மிஞ்சிய வெந்நீரைக் கூஸ்கூஸ் மேல் ஊற்றினாள். ஓர் அடுப்பு, ஒரு வாணலி, கழுவுவதற்கு இரண்டு தட்டு. அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. கனவான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, நெருக்கடியான காலத்தில் முன்யோசனை எவ்வளவு பயன்படுகிறது பார்த்தாயா என்று அவளிடம் சொன்னார்.

அந்தக் களஞ்சியத்தின் கதி என்ன ஆகிறது என்று வாசகர்கள் விசாரிக்கலாம். குளிர்காலம் முழுவதும் மோட்டார் வீடு வாசலில் நிற்கும். மாசி பங்குனி வாக்கில் நோட்டைப் பார்த்து, ஆயுள் முடியப்போகிற டப்பாக்களைக் கூடையில் எடுத்துக்கொண்டு கனவான் வீட்டுக்குள் வருவார். நாலு அடுப்பும் பெரிய குளிர்பெட்டியும் உள்ள சொந்தச் சமையலறையில், கூப்பிடு தூரத்தில் மூன்று கடைகள் திறந்திருக்க, கணவனும் மனைவியும் ஒரு வாரம் பூராவும் ஆபத்துக்கால ஆகாரத்தை உண்டு தீர்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் கடைக்குப் போய் அதே டப்பாக்களைப் புதிதாக வாங்கி அடுக்குவார்.

அந்தக் கனவானோ அவர் இனத்தவரோ உங்களைத் தம் வண்டிக்கு விருந்துக்கு அழைத்தால் அவசியம் போய் வாருங்கள். நல்ல மனிதர்கள், பேச்சுக்குக் குறைவிராது. கையோடு ஒரு புட்டி எலுமிச்சங்காய் ஊறுகாய் எடுத்துப் போங்கள். அதில் இறைச்சியும் இல்லை, பாலும் இல்லை. கலேயிலும் டோவரிலும் எந்தச் சுங்க அதிகாரியும் கைவைக்க நியாயமில்லை.